அரசியல் சுதந்திரமும் ஐ.நா. மனித உரிமை வாக்குகளும்: ஒப்பிட்டு ஆராய முழுமையான வழிகாட்டி

சுதந்திரமான நாடுகள் ஐ.நா.வில் மனித உரிமைகளின் பக்கம் வாக்களிக்கின்றனவா? இதை எண்களைக் கொண்டு சோதித்துப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்காகவும் பத்திரிகையாளர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இந்த வேலையைப் புதிதாகத் தொடங்கிய பலரோடு உட்கார்ந்திருக்கிறேன். அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். தரவைப் பதிவிறக்கிய அன்றே 'ஆதரவு' வாக்குகளைக் கூட்டத் தொடங்கிவிடுகிறார்கள். கூட்டி முடித்தால் கியூபாவும் சீனாவும் மேலே நிற்கின்றன, கனடா கீழே கிடக்கிறது. கூட்டலில் தவறு இருக்காது. எதைக் கூட்டினோம் என்பதில்தான் தவறு இருக்கும்.

கீழே உள்ள வரிசை அந்தத் தவறைத் தவிர்ப்பதற்காக அமைந்தது. வரிசையை மாற்றாதீர்கள். குறிப்பாக, 3-ஆம் படியை முடிக்கும்வரை எந்த நாட்டின் சுதந்திர மதிப்பெண்ணையும் திறக்காதீர்கள்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

இரண்டு கேள்விகள் ஒன்றுபோலவே ஒலிக்கும். 'சுதந்திரம் கூடுதலாக உள்ள நாடு, குறைவாக உள்ள நாட்டைவிட மாறுபட்டு வாக்களிக்கிறதா?' என்பது ஒன்று. 'ஒரு நாட்டில் சுதந்திரம் கூடினால் அல்லது குறைந்தால், அதே நாட்டின் வாக்கு மாறுகிறதா?' என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஓர் ஆண்டின் தரவே போதும். இரண்டாவதற்கு அதே நாட்டைப் பல ஆண்டுகள் பின்தொடர வேண்டும்.

இதை முதலிலேயே முடிவு செய்யாதவர்கள் முதல் கேள்விக்கு விடை கண்டுபிடித்து, அதை இரண்டாவதன் விடையாக எழுதிவிடுகிறார்கள். 'ஜனநாயகம் மலர்ந்தால் வாக்கு மாறும்' என்ற முடிவை ஒரே ஆண்டின் அட்டவணையிலிருந்து எடுக்க முடியாது.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

எந்த மன்றம் என்று தேர்ந்தெடுங்கள். பொதுச்சபையில் 193 நாடுகளுக்கும் ஆளுக்கொரு வாக்கு. 2006-இல் பழைய மனித உரிமைகள் ஆணையத்துக்குப் பதிலாக உருவான மனித உரிமைகள் பேரவையில் 47 நாடுகள் மட்டுமே உண்டு. ஆப்பிரிக்காவுக்கு 13, ஆசிய பசிபிக்குக்கு 13, லத்தீன் அமெரிக்கா மற்றும் கரீபியனுக்கு 8, மேற்கு ஐரோப்பா மற்றும் பிற நாடுகளுக்கு 7, கிழக்கு ஐரோப்பாவுக்கு 6 என்று இடங்கள் பிரிக்கப்பட்டுள்ளன. பதவிக்காலம் 3 ஆண்டுகள். ஆகவே பேரவையில் இந்த ஆண்டு ஆதரவு கூடியிருந்தால், நாடுகள் மனம் மாறின என்று சொல்லிவிட முடியாது. உறுப்பினர்கள் மாறியிருக்கலாம்.

பொதுச்சபை வாக்குகளுக்கு எரிக் ஃவூட்டன் குழுவினர் தொகுத்துள்ள தரவுத் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஆதரவு 1, விலகல் 2, எதிர்ப்பு 3, வராதவர் 8, அப்போது உறுப்பினராக இல்லாதவர் 9. இந்த எண்களை அப்படியே சராசரி எடுத்துவிட்டு, வராமல் போன சிறு தீவு நாட்டைக் கடும் எதிர்ப்பாளராகக் காட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். 8, 9 இரண்டையும் முதலில் தனியே எடுத்து வையுங்கள்.

பேரவை வாக்குகள் அந்தத் தொகுப்பில் இல்லை. வாக்கெடுப்பு நடந்த ஒவ்வொரு தீர்மானத்தின் இறுதியிலும் ஆதரித்தவர், எதிர்த்தவர், விலகியவர் பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றைக் கையால் எடுத்து எழுதுங்கள். மெதுவான வேலைதான், ஆனால் தீர்மானத்தின் வாசகம் கண்ணில் படும் என்பதால் அடுத்த படிக்கு உதவும்.

3. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் திசை குறியுங்கள்

மொத்த நேரத்தில் பாதியை இந்த ஒரு படிக்குக் கொடுங்கள்.

தீர்மானத்தின் தலைப்பை நம்பக்கூடாது. 2009 மே 27 அன்று, போர் முடிந்த சில நாள்களில், பேரவையின் சிறப்பு அமர்வில் இலங்கை பற்றிய தீர்மானம் நிறைவேறியது. 29 நாடுகள் ஆதரவு, 12 எதிர்ப்பு, 6 விலகல். மனித உரிமைகளை மேம்படுத்தவும் பாதுகாக்கவும் இலங்கைக்கு உதவுவது என்பதே தலைப்பு. உள்ளே படித்தால், இலங்கை அரசே முன்வைத்த வரைவு அது. உள்நாட்டு விவகாரங்களில் தலையிடாமையை வலியுறுத்துகிறது, அரசைப் பாராட்டுகிறது. அதை எதிர்த்த 12 நாடுகளில் ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன், கனடா, சிலி, மெக்சிகோ எல்லாம் இருந்தன. ஆதரித்தவர்களில் சீனா, ரஷ்யா, கியூபாவோடு இந்தியாவும் பிரேசிலும் தென்னாப்பிரிக்காவும் இருந்தன.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2012 மார்ச்சில், அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானம் 24-க்கு 15 என்று நிறைவேறியது. அது நல்லிணக்கத்தையும் பொறுப்புக்கூறலையும் கோரியது. இந்தியா அதையும் ஆதரித்தது. உங்கள் அட்டவணையில் 2009-க்கும் 2012-க்கும் இந்தியாவுக்கு நேராக ஒரே '1' விழும். ஒன்று அரசின் கையைப் பலப்படுத்திய வாக்கு, மற்றொன்று அதே அரசைக் கேள்வி கேட்ட வாக்கு. அந்த இரண்டையும் ஒரே எண்ணாகக் கூட்டினால், செத்துப்போனவர்களுக்கு விடை கேட்ட வாக்கும் கேட்காதே என்ற வாக்கும் ஒன்றாகிவிடும். இந்தப் படியில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஆகவே ஒவ்வொரு தீர்மானத்தையும் படித்து, கீழ்க்கண்ட வகைகளில் ஒன்றில் வையுங்கள்.

அ. பெயர் குறிப்பிட்ட ஒரு நாட்டின் மீறல்களைக் கண்டிப்பவை அல்லது விசாரணை கோருபவை. இங்கே ஆதரவு என்றால் உரிமையின் பக்கம் என்று குறிக்கலாம். 2009 தீர்மானத்தைப் போன்றவை தலைகீழ். அவற்றுக்கு எதிர்க்குறி இடுங்கள்.

ஆ. தனிமனித உரிமைகளைப் பற்றிய பொதுத் தீர்மானங்கள்: சித்திரவதை, கருத்துரிமை, மரண தண்டனை நிறுத்தம் போன்றவை.

இ. நாடுகளுக்கிடையிலான பொருளாதாரம், இறையாண்மை பற்றியவை: வளர்ச்சிக்கான உரிமை, ஒருதலைப்பட்சத் தடைகள் போன்றவை. பெரும்பாலும் அணிசேரா நாடுகள் கொண்டுவருபவை இவை. அமெரிக்காவும் பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளும் எதிர்ப்பது வழக்கம். ஆதரவு வாக்கை மட்டும் எண்ணியவர்களுக்கு விடை தலைகீழாக வருவது பெரும்பாலும் இந்த வகையால்தான். வளரும் நாடுகளின் கோரிக்கைகளில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவை வேறொரு கேள்விக்கான வாக்குகள். தனியே கணக்கிடுங்கள்.

ஈ. இஸ்ரேல், பாலஸ்தீனம் பற்றியவை. எண்ணிக்கையில் மிக அதிகம். நாடுகளின் அணிகள் பல ஆண்டுகளாக மாறாதவை. தரவுத் தொகுப்பில் ஒரு தீர்மானத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தலைப்புக் குறிகள் இருக்கலாம் என்பதால், இவற்றில் சில மனித உரிமைப் பட்டியலிலும் வந்து சேர்ந்துவிடும். கலந்துவிட்டால் நீங்கள் அளப்பது இந்த ஒரு பிரச்சினையைத்தான். பிரித்து வைத்து, சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு முறை கணக்கிடுங்கள்.

திருத்தங்கள் மீதான வாக்கெடுப்பு தனிக் கவனம் கேட்கும். 2016 ஜூன் 30 அன்று, பாலியல் நாட்டம், பாலின அடையாளம் காரணமான வன்முறையைக் கண்காணிக்கத் தனி நிபுணரை நியமிக்கும் தீர்மானம் பேரவையில் 23-18-6 (ஆதரவு-எதிர்ப்பு-விலகல்; இனி எல்லா இடத்திலும் இதே வரிசை) என நிறைவேறியது. அதற்கு முன், தீர்மானத்தை நீர்க்கச் செய்யும் திருத்தங்கள் பல வாக்குக்கு வந்தன. அத்தகைய திருத்தத்துக்கு 'ஆதரவு' என்பது தீர்மானத்துக்கு எதிர்ப்பு.

நீங்கள் வைத்த குறிகளை இன்னொருவரிடம் காட்டாமல், அதே தீர்மானங்களில் சிலவற்றைக் கொடுத்து அவரைத் தனியே குறிக்கச் சொல்லுங்கள். இருவரும் முரண்படும் இடங்களில்தான் உங்கள் விதி தெளிவில்லாமல் இருக்கிறது. விதியைத் திருத்தி எழுதிய பிறகே மேலே செல்லுங்கள். சுதந்திர மதிப்பெண்ணை இன்னும் திறக்க வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான்: எவ்வளவு சுதந்திரமான நாடு எப்படி வாக்களித்தது என்று பார்த்துக்கொண்டே திசை குறித்தால், நமக்குப் பிடித்த முடிவை நோக்கிக் கை சாய்ந்துவிடும்.

4. விலகலுக்கும் வராமைக்கும் உள்ள வேறுபாடு

நம் நாளேடுகள் இரண்டையுமே 'வாக்கெடுப்பைப் புறக்கணித்தது' என்று எழுதிவிடுகின்றன. ஐ.நா. பதிவில் இவை வெவ்வேறு. விலகல் என்பது அவையில் இருந்துகொண்டே எந்தப் பக்கமும் சாயாமல் பதிவுசெய்யும் நிலைப்பாடு. வராமைக்கு அரசியல் காரணமும் இருக்கலாம், ஆள் பற்றாக்குறையும் இருக்கலாம். ஐ.நா. சாசனத்தின் 19-ஆம் பிரிவின்படி, இரண்டு ஆண்டுத் தொகைக்குச் சமமான சந்தா பாக்கி வைத்த நாடு பொதுச்சபையில் வாக்குரிமையை இழக்கும். வெனிசுவேலாவுக்கு இது நேர்ந்திருக்கிறது. அந்த வெற்றிடத்தை வெனிசுவேலாவின் கருத்தாக எண்ணக்கூடாது.

விலகலை எப்படி எண்ணுவது என்பது முடிவையே புரட்டிவிடும். 2022 அக்டோபரில் இலங்கை பற்றிய தீர்மானத்துக்கு 20 ஆதரவு, 7 எதிர்ப்பு, 20 விலகல். விலகலைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் ஆதரவு 74 சதவீதம். விலகலைப் பாதி ஆதரவாகக் கொண்டால் 64 சதவீதம். ஆதரவு அல்லாததாகக் கொண்டால் 43 சதவீதம். ஒரே வாக்கெடுப்பு, மூன்று படங்கள்.

என் பரிந்துரை: ஆதரவு, விலகல், எதிர்ப்பு என்ற மூன்றையும் படிநிலைகளாகவே வைத்திருங்கள். எண்ணாக மாற்றியே ஆகவேண்டும் என்றால் 1, 0.5, 0 என்று வைத்து, விலகல்களை நீக்கியும் ஒருமுறை கணக்கிடுங்கள். இரண்டிலும் ஒரே திசை வந்தால் மட்டுமே அதை முடிவாக எழுதுங்கள்.

விலகலின் எடையும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. 2022 ஏப்ரல் 7 அன்று ரஷ்யாவைப் பேரவையிலிருந்து இடைநீக்கும் தீர்மானம் 93-24-58 என்று நிறைவேறியது. அங்கே தேவைப்பட்டது, வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. விலகியவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இந்தியா விலகியது, சீனா எதிர்த்தது. இரண்டையும் 'ஆதரிக்கவில்லை' என்ற ஒரே கூடையில் போட்டால் ஒரு பெரிய வேறுபாடு காணாமல் போகும்.

5. பதிவில் இல்லாத வாக்குகளை நினைவில் வையுங்கள்

ஐ.நா.வில் மனித உரிமைத் தீர்மானங்களில் பெரும் பங்கு வாக்கெடுப்பின்றியே நிறைவேறுகிறது. உங்கள் கையில் இருப்பது சண்டை வந்த தீர்மானங்கள் மட்டும். வட கொரியா பற்றிய பொதுச்சபைத் தீர்மானம் 2012, 2013 ஆண்டுகளில் வாக்கெடுப்பின்றி நிறைவேறியது. 2014-இல் பாதுகாப்புச் சபை வட கொரியாவின் நிலைமையைச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்புவது பற்றிப் பரிசீலிக்க வேண்டும் என்ற வாசகம் சேர்ந்தது, வாக்கெடுப்பு வந்தது, 116-20-53. 2016 முதல் மீண்டும் வாக்கெடுப்பு இல்லை. இடைப்பட்ட ஆண்டுகளை மட்டும் பார்ப்பவருக்கு எதிர்ப்பு திடீரென்று முளைத்து மறைந்ததுபோல் தோன்றும்.

பேரவை உறுப்பினர் தேர்தல் இரகசிய வாக்கு. அதில் யார் யாருக்கு வாக்களித்தார் என்பது தெரியாது. அதைப் பட்டியலில் சேர்க்க முயலாதீர்கள்.

ஒரே தீர்மானம் பொதுச்சபையின் மூன்றாவது குழுவில் ஒருமுறையும் முழு அவையில் ஒருமுறையும் வாக்குக்கு வரும். எண்ணிக்கை இரண்டிலும் சற்று மாறும். ஏதாவது ஒன்றை மட்டும் எடுங்கள், கடைசிவரை அதையே எடுங்கள்.

6. இப்போது சுதந்திர அளவுகோலைத் திறங்கள்

ஃப்ரீடம் ஹவுஸ் அமைப்பு அரசியல் உரிமைகளுக்கு 40, குடிமைச் சுதந்திரங்களுக்கு 60 என மொத்தம் 100 மதிப்பெண் தருகிறது. நாடுகளைச் சுதந்திரமானவை, ஓரளவு சுதந்திரமானவை, சுதந்திரமற்றவை என்று மூன்றாகப் பிரிக்கிறது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் இயங்கும் வி-டெம் திட்டம் 0 முதல் 1 வரையிலான குறியீடுகளைத் தருகிறது. பாலிட்டி என்ற பழைய அளவுகோல் -10 முதல் +10 வரை. அது 2018-உடன் நின்றுவிடுகிறது.

ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். ஃப்ரீடம் ஹவுஸ் அமெரிக்காவில் இயங்குவது, நீண்ட காலம் அமெரிக்க அரசின் நிதியைப் பெருமளவில் பெற்றது. அமெரிக்காவுக்கு நெருக்கமான வாக்குகளை அதன் மதிப்பெண்ணோடு மட்டும் ஒப்பிட்டால், வட்டமடிக்கிறீர்கள் என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வி-டெம்மிலும் அதே விடை வருகிறதா என்று காட்டினால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

மூன்று பிரிவுகளை வைத்துத் தொடங்காமல் முழு மதிப்பெண்ணையே பயன்படுத்துங்கள். ஃப்ரீடம் ஹவுஸின் 2021 அறிக்கையில் இந்தியா 71-இலிருந்து 67-க்கு இறங்கியது; பிரிவு 'சுதந்திரமான' என்பதிலிருந்து 'ஓரளவு சுதந்திரமான' என்று மாறியது. பிரிவை மட்டும் பார்த்தால் பெரிய குதிப்பு, மதிப்பெண்ணைப் பார்த்தால் 4 புள்ளி.

7. இரண்டு அட்டவணைகளையும் இணைப்பது

பெயரை வைத்து இணைக்காதீர்கள், நாட்டுக் குறியீட்டை வைத்து இணையுங்கள். ஸ்வாசிலாந்து 2018-இல் எஸ்வதினி ஆனது. மாசிடோனியா 2019-இல் வடக்கு மாசிடோனியா ஆனது. பெயர் பொருந்தாத வரிசைகள் சத்தமில்லாமல் விழுந்துவிடும். இணைத்த உடனே, எத்தனை வரிசைகள் இருந்தன, எத்தனை மிஞ்சின என்று எண்ணுங்கள்.

ஆண்டைப் பொருத்துவதிலும் தவறு நேரும். அறிக்கையின் பெயரில் உள்ள ஆண்டும் அது பேசும் ஆண்டும் வேறு. 2021 அறிக்கை 2020-இன் நிலையைச் சொல்கிறது. பொதுச்சபையின் அமர்வோ செப்டம்பரில் தொடங்கி அடுத்த செப்டம்பரில் முடிகிறது. அமர்வு எண்ணை விட்டுவிட்டு, வாக்கு நடந்த தேதியை எடுத்து, அதற்கு முந்தைய ஆண்டின் நிலையோடு பொருத்துங்கள். காரணம் என்று சந்தேகிப்பது விளைவுக்கு முன்னால் இருக்க வேண்டும்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு: ஐ.நா. இருக்கையில் அமர்ந்திருப்பவர் அந்த மண்ணை ஆளும் அரசின் ஆள்தானா? மியான்மரில் 2021 பிப்ரவரி 1 அன்று இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆனால் கவிழ்க்கப்பட்ட அரசு நியமித்த தூதரே இருக்கையில் தொடர்ந்தார். ஆப்கானிஸ்தானில் 2021 ஆகஸ்டில் தாலிபான் வந்த பிறகும் இருக்கை முந்தைய அரசின் பிரதிநிதியிடம் இருந்தது. 2022 மார்ச் 2 அன்று உக்ரைன் மீதான படையெடுப்பைக் கண்டித்த தீர்மானத்தை ஆதரித்த 141 நாடுகளில் இவை இரண்டும் உண்டு. சுதந்திர மதிப்பெண் இராணுவத்தையும் தாலிபானையும் அளக்கிறது, வாக்கோ அவர்களால் விரட்டப்பட்டவர்களுடையது. இந்த வரிசைகளைக் குறியிட்டு நீக்குங்கள். பழைய தரவிலும் இதுபோல் உண்டு: 1971 அக்டோபர் 25 வரை சீனாவின் இருக்கை தைவானில் இருந்த அரசிடம் இருந்தது, உக்ரைனும் பெலாரஸும் சோவியத் ஒன்றியத்தின் பகுதிகளாக இருந்தபோதே தனி வாக்கு வைத்திருந்தன.

8. கணக்கிடுவதற்கு முன் வரைந்து பாருங்கள்

கிடைமட்டத்தில் சுதந்திர மதிப்பெண், செங்குத்தில் நாட்டின் சராசரி வாக்கு என்று ஒரு சிதறல் விளக்கப்படம் போடுங்கள். 'அ' வகைக்கு ஒன்று, 'ஆ' வகைக்கு ஒன்று, 'இ' வகைக்கு ஒன்று. ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் எண், ஒரே எண்ணாக வந்து நிற்கும். வரைபடமோ எந்த நாடு கோட்டை விட்டு விலகி நிற்கிறது என்று காட்டும். அங்கிருந்துதான் உண்மையான வேலை தொடங்குகிறது.

விலகி நிற்கும் நாடுகளைப் பிழையாக எண்ணி ஒதுக்காதீர்கள். மரண தண்டனை நிறுத்தத்தைக் கோரும் பொதுச்சபைத் தீர்மானம் 2007 டிசம்பரில் 104-54-29 என்று முதன்முதலில் நிறைவேறியபோது அமெரிக்கா, ஜப்பான், இந்தியா மூன்றும் எதிர்த்தன. சொந்த நாட்டுச் சட்டத்தில் அந்தத் தண்டனை இருப்பதே காரணம். 3-ஆம் படியில் சொன்ன, பாலியல் நாட்டம் பற்றிய 2016 பேரவைத் தீர்மானத்தில் தென்னாப்பிரிக்கா விலகியது. பாலியல் நாட்டத்தின் பேரில் பாகுபாடு காட்டுவதை அதன் அரசியலமைப்பே தடைசெய்கிறது. வீட்டுக்குள் உள்ள சுதந்திரம் அப்படியே வெளியே வாக்காகிவிடுவதில்லை.

9. சுதந்திரத்தின் வேடத்தில் வரும் மற்ற காரணங்கள்

பணக்கார நாடுகளில் பல சுதந்திரமானவை, அவற்றில் பல ஒரே இராணுவக் கூட்டணியைச் சேர்ந்தவை. ஆகவே வருமானம், கூட்டணி, பிராந்தியக் குழு மூன்றையும் தொடர்புப் போக்குச் (regression) சமன்பாட்டில் சேர்க்காமல் சுதந்திரத்துக்கு முழுப் பெருமையையும் கொடுத்துவிடாதீர்கள். குறிப்பாகப் பிராந்தியக் குழு. 2022 அக்டோபர் 6 அன்று சீனாவின் ஷின்ஜியாங் பகுதியின் மனித உரிமை நிலை பற்றி ஒரு விவாதம் நடத்தலாமா என்ற முன்மொழிவே 17-19-11 என்று பேரவையில் தோற்றது. இந்தோனேசியா, செனகல், நமீபியா எதிர்த்தன. இந்தியா, பிரேசில், மெக்சிகோ, அர்ஜென்டினா விலகின. சோமாலியா ஆதரித்தது. சுதந்திர மதிப்பெண்ணை மட்டும் வைத்து இந்த வரிசையை ஊகித்திருக்க முடியாது.

ஆட்சி மாற்றத்தையும் ஒரு நெடுவரிசையாகச் சேருங்கள். வட கொரியா தீர்மானத்தைத் தென் கொரியா 2006-இல் ஆதரித்தது, 2007-இல் விலகியது, 2008-இல் மீண்டும் ஆதரித்தது. அந்த ஆண்டுகள் முழுவதும் அது சுதந்திர நாடுதான். 2007-க்கும் 2008-க்கும் இடையில் மாறியது அதிபரும் வடக்கு பற்றிய கொள்கையும்.

தீர்மான வாசகம் மாறினாலும் வாக்கு மாறும். இலங்கைத் தீர்மானத்தை 2012, 2013 இரண்டிலும் ஆதரித்த இந்தியா, 2014-இல் விலகியது. மூன்று ஆண்டுகளிலும் அது 'சுதந்திரமான' பிரிவில்தான் இருந்தது. மாறியது தீர்மானம்: சர்வதேச விசாரணை அதில் சேர்ந்தது, அதை அத்துமீறலாக இந்தியா கருதியது. பின்னர் 2021-இல் இந்தியாவின் பிரிவு இறங்கியது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் இலங்கை மீதான வாக்கு விலகலாகவே தொடர்ந்தது. பிரிவு அசையாதபோது வாக்கு அசைந்தது, பிரிவு அசைந்தபோது வாக்கு அசையவில்லை.

அதற்காகச் சுதந்திரத்துக்கு இதில் பங்கே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். 2012, 2013 வாக்குகளுக்கு முன் தமிழ்நாட்டுக் கட்சிகள் மத்திய அரசை வெளிப்படையாக நெருக்கின. 2013 மார்ச்சில் தி.மு.க. கூட்டணி அரசிலிருந்தே வெளியேறியது. அப்படி நெருக்கவும் வெளியேறவும் முடிகிற நாட்டில்தான் வாக்காளரின் வேதனை பேரவை கூடும் ஜெனீவா வரை போய்ச் சேர வழி இருக்கிறது. சுதந்திரம் அந்த வழியைத் திறந்து வைக்கிறது. அது பயன்படுத்தப்படுகிறதா என்பதை மதிப்பெண் சொல்லாது. அதனால் கோட்டிலிருந்து விலகும் ஒவ்வொரு முக்கியமான வாக்குக்கும், அவையில் அந்த நாடு அளித்த வாக்கு விளக்கத்தைத் தேடிப் படியுங்கள்.

10. முடிவை எழுதும்போது

'சுதந்திர நாடுகள் மனித உரிமைகளை ஆதரிக்கின்றன' என்று எழுதாதீர்கள். எந்த மன்றம், எந்த ஆண்டுகள், எந்த வகைத் தீர்மானம், விலகலை எப்படி எண்ணினீர்கள் என்ற நான்கும் ஒரே வாக்கியத்தில் வரட்டும். வாக்கியம் நீளமாகும். நீளட்டும்.

ஃவூட்டன் குழுவினர் மதிப்பிட்டுத் தரும் 'நிலைப்புள்ளி' எண்ணை மனித உரிமை ஆதரவு என்று பெயரிடாதீர்கள். எல்லாத் தலைப்புகளின் வாக்குகளையும் கொண்டு, ஒரு நாடு அமெரிக்கா முன்னிற்கும் உலக ஒழுங்கோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதையே அது பெரும்பாலும் அளக்கிறது.

கடைசியாக, திசைக் குறிகள் அடங்கிய கோப்பை முடிவுகளோடு சேர்த்தே வெளியிடுங்கள். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எண், தேதி, வகை, திசை, அப்படிக் குறித்ததற்கான ஒரு வரிக் காரணம். நீக்கிய வரிசைகளுக்கும் அதேபோல் ஒரு வரி. குறியை மாற்றிய இடங்களில் பழைய குறியை அழிக்காமல், மாற்றிய தேதியோடு பக்கத்திலேயே விட்டுவையுங்கள்.